வெந்தயம் எத்தனை கிராம்?

எனக்குச் சர்க்கரை என்று தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது வெந்தயத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் வெறும் வயிற்றில் மென்று தின்னச் சொன்னவர்கள் உண்டு. ஊறிய தண்ணீரை மட்டும் குடித்தால் போதும் என்றவர்கள் உண்டு. வறுத்துப் பொடி பண்ணச் சொன்னவர், வறுத்தால் சத்து போய்விடும் என்றவர், முளைகட்டினால்தான் முழுப் பலன் என்றவர் என்று ஆளுக்கு ஆள் செய்முறை மாறும். கடைசி வரி மட்டும் மாறவே மாறாது: "இயற்கையானதுதானே, பக்க விளைவே கிடையாது."

நானும் வெந்தயம் சாப்பிடுகிறவன்தான். ஆகவே வெந்தயத்தைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. எனக்கு வழக்கு அந்தக் கடைசி வரியோடுதான். ரத்தத்தில் சர்க்கரையைக் குறைக்கும் சக்தி ஒரு பொருளுக்கு இருக்கிறதென்றால், அளவுக்கு மீறிக் குறைக்கவும், வேறு மாத்திரையோடு சேர்ந்து தொல்லை கொடுக்கவும் அதற்கு முடியும். எவ்வளவு தின்றாலும் உடம்பில் எதுவும் ஆகாது என்றால், சர்க்கரையிலும் எதுவும் ஆகப்போவதில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறவர்கள் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று எனக்குப் புரிவதே இல்லை.

ஒரு டம்ளரில் கொஞ்சம் வெந்தயத்தைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, ராத்திரி முழுக்க வைத்துப் பாருங்கள். காய்ந்திருக்கும்போது கல் மாதிரி, குறுக்கே ஒரு பள்ளத்தோடு கோணல்மாணலாக இருக்கும் விதை, காலையில் நன்றாக உப்பியிருக்கும். தண்ணீர் வெளிர் மஞ்சளாகி, ஸ்பூனைத் தூக்கினால் லேசாக நூல் இழுக்கும். ஒரு விதையை விரலுக்கிடையில் வைத்து அழுத்தினால் மேல்தோல் வழுக்கிக்கொண்டு கழன்று வரும். உள்ளே மஞ்சள் பருப்பு. பருப்புக்கும் தோலுக்கும் நடுவே கண்ணாடி மாதிரி ஒரு கொழகொழப்பு. விஷயமெல்லாம் அந்தக் கொழகொழப்பில்தான் இருக்கிறது. அதன் பெயர் கேலக்டோமன்னன். தண்ணீரில் கரையும் நார்ச்சத்து. வெந்தயத்தின் எடையில் கிட்டத்தட்ட பாதி நார்தான். அதில் கணிசமான பங்கு இந்தப் பசை.

வயிற்றுக்குள் போய் இது உணவோடு கலந்தால் எல்லாம் கெட்டியாகிறது. இரைப்பை மெதுவாகக் காலியாகிறது. மாவுச்சத்திலிருந்து பிரியும் குளுக்கோஸ் குடல் சுவரைத் தொடவே நேரம் எடுக்கிறது. வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு நுழைய வேண்டிய கூட்டம் வரிசையில் வருகிற மாதிரி. மொத்தத்தில் உள்ளே போவது பெரிதாகக் குறையாவிட்டாலும், சாப்பிட்ட பிறகு எகிறும் உச்சம் தணிகிறது. வெந்தயத்தில் 4-ஹைட்ராக்ஸி ஐசோலூசின் என்ற அமினோ அமிலம் ஒன்றும் உண்டு. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது என்பார்கள். அதற்கான சான்றுகள் பெரும்பாலும் விலங்குகளிலும் ஆய்வகச் செல்களிலும் கிடைத்தவை. என் நம்பிக்கை பசையின் மீதுதான்.

நம்பிக்கை என்று சும்மா சொல்லவில்லை. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆர்.டி. ஷர்மா 1986-இல் ஒரு நல்ல காரியம் செய்தார். முழு வெந்தயம், பிரித்தெடுத்த பசை, பசை நீக்கிய விதை, சமைத்த வெந்தயக்கீரை என்று தனித்தனியாகக் கொடுத்து ரத்தச் சர்க்கரையைப் பார்த்தார். முழு விதையும் பசையும் வேலை செய்தன. பசை போன விதையாலும் கீரையாலும் பெரிய மாற்றம் இல்லை.

இதை வைத்துப் பார்த்தால், ஊறிய தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு விதையைக் கொட்டுகிறவர்களைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. தண்ணீரில் கொஞ்சம் பசை இறங்கும், இல்லை என்று சொல்லவில்லை. பெரும்பகுதி விதையோடு குப்பைக்குப் போகிறது. அதேபோல் விடியற்காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு, ஒன்பது மணிக்குச் சாப்பிட உட்காருவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. பசை சாப்பாட்டைச் சந்தித்தால்தானே அதைத் தாமதப்படுத்தும்?

அடுத்தது அளவு. இதை எனக்கு உறைக்க வைத்தவர் என் டாக்டர்.

"டாக்டர், மாத்திரையோட வெந்தயமும் எடுத்துக்கலாம்னு இருக்கேன்."

"தாராளமா. எத்தனை கிராம்?"

"ஒரு ஸ்பூன்."

"மெட்ஃபார்மினை ஒரு ஸ்பூன்னு சொல்வீங்களா?"

மெட்ஃபார்மின் என்பது நான் தினம் சாப்பிடும் சர்க்கரை மாத்திரை. சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் கேள்வி நியாயமானது. வீட்டுக்கு வந்து தராசில் வைத்துப் பார்த்தேன். தலைதட்டிய ஒரு டீஸ்பூன் வெந்தயம் சுமார் 4 கிராம். அதில் நார் ஏறக்குறைய 2 கிராம்.

இப்போது ஆய்வுகளில் என்ன அளவு கொடுத்தார்கள் என்று பாருங்கள். அதே ஷர்மா குழு 1990-இல், உடம்பில் இன்சுலின் சுரப்பே நின்றுபோகும் டைப் 1 சர்க்கரை நோயாளிகளுக்கு 10 நாள் கொடுத்த அளவு, தினம் 100 கிராம் கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடி. மதியச் சாப்பாட்டில் பாதி, ராத்திரிச் சாப்பாட்டில் பாதி. காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை குறைந்தது. 24 மணி நேரச் சிறுநீரில் வெளியேறிய குளுக்கோஸ் 54 சதவீதம் குறைந்தது. பிரமாதமான முடிவுதான். "வெந்தயத்தின் மகிமை விஞ்ஞானிகளே ஒப்புக்கொண்டது" என்று சுற்றிவரும் செய்திகளில் இந்த 54 மட்டும் இருக்கும், 100 இருக்காது. நூறு கிராம் என்றால் இருபத்தைந்து டீஸ்பூன். அதைத் தினமும் தின்னக்கூடிய மனிதரை நான் சந்திக்க விரும்புகிறேன்.

சாத்தியமான அளவுகளிலும் சான்று இல்லாமல் இல்லை. 2014-இல் 10 ஆய்வுகளைத் தொகுத்து ஒரு பகுப்பாய்வு வந்தது. சராசரியாக, வெறும் வயிற்றுச் சர்க்கரை டெசிலிட்டருக்குச் சுமார் 17 மில்லிகிராம் குறைந்தது. குளுக்கோஸோ உணவோ கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்த அளவு சுமார் 39 குறைந்தது. இரண்டாவது எண் பெரிதாக இருப்பது பசைக் கதையோடு பொருந்துகிறது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 0.85 சதவீதம் இறங்கியது. ஆனால் அதை அளந்தவை மூன்றே ஆய்வுகள். பத்து ஆய்வுகளில் பலவற்றின் தரமும் சுமார்தான். இன்னொன்று: குறைந்த அளவு கொடுத்த ஆய்வுகளில் பலன் தெரியவில்லை. நடுத்தர அளவோ அதற்கு மேலோ கொடுத்தவற்றில்தான் தெரிந்தது. ஒரு கிள்ளு, இரண்டு கிள்ளு என்பதெல்லாம் மன ஆறுதல்.

எனக்குப் பிடித்தது 2015-இல் வெளியான இன்னொரு இந்திய ஆய்வு. சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 140 பேரை மூன்று வருடம் பின்தொடர்ந்தார்கள். ஒரு பிரிவுக்கு உணவுக்கு முன் 5 கிராம் வீதம் தினம் இரண்டு வேளை வெந்தயப் பொடி. வெந்தயம் எடுக்காத பிரிவில் சர்க்கரை நோய் வருவதற்கான வாய்ப்பு 4.2 மடங்கு அதிகமாக இருந்தது. சின்ன ஆய்வுதான். இன்னும் பெரிதாக யாராவது திருப்பிச் செய்து காட்டினால் சந்தோஷப்படுவேன்.

0.85 சதவீதம் என்பது பார்க்கத் துக்கடாவாகத் தெரியலாம். பிரிட்டனில் 5,102 பேரை வைத்து நடந்த யூகேபிடிஎஸ் என்ற நீண்ட ஆய்வின் தரவுகளை 2000-இல் அலசியபோது, ஹெச்பிஏ1சி ஒரு சதவீதம் குறைவாக இருந்தவர்களிடம் கண், சிறுநீரகம் போன்றவற்றின் நுண்குழாய்ப் பாதிப்புகள் 37 சதவீதம் குறைவாக இருந்தன. மெட்ஃபார்மினே ஒன்றிலிருந்து ஒன்றரை சதவீதம்தான் இறக்கும். ஆக, அந்த 0.85 நிஜமென்றால் வெந்தயம் சாமான்யப்பட்ட சரக்கு இல்லை. நிஜமா என்பதைத் தன் உடம்பில் எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள்.

என் சித்தி போனில் சொன்னார்: "நேத்து நூத்தி அறுபது. ராத்திரி வெந்தயம் போட்டேன், காலைல நூத்தி நாப்பத்தஞ்சு. எப்படி வேலை செய்யுது பாத்தியா!"

"சித்தி, அதே விரல்ல உடனே இன்னொரு தடவை குத்திப் பாத்தீங்களா?"

"எதுக்குடா, ஸ்ட்ரிப் என்ன சும்மாவா வருது?"

குளுக்கோமீட்டர்களுக்கான சர்வதேசத் தரநிலையே, 100-க்கு மேற்பட்ட அளவுகளில் 95 சதவீத முடிவுகள் ஆய்வக முடிவிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்கிறது. அதாவது உண்மையில் 160 இருக்கும் ரத்தத்தை 136 என்று காட்டினாலும் 184 என்று காட்டினாலும் மீட்டர் பாஸ். சித்தியின் 160-உம் 145-உம் ஒரே சர்க்கரையாக இருக்கலாம். விரலில் பழச்சாறு ஒட்டியிருந்தாலே எண் எகிறும். தூக்கம் கெட்டால் ஏறும், காய்ச்சல் வந்தால் ஏறும். விடியும் நேரத்தில் ஹார்மோன்களின் தயவால் கல்லீரல் தானாகவே சர்க்கரையை அவிழ்த்துவிடும். அதனால் ராத்திரி பட்டினி கிடந்தாலும் காலை எண் கூடியிருக்கலாம்.

இதற்கு மேல் ஒரு சூட்சுமம் உண்டு. புது வைத்தியத்தை நாம் எப்போது ஆரம்பிக்கிறோம்? எண் மோசமாக வந்த மறுநாள். வழக்கத்தைவிட மோசமான எண்ணுக்குப் பிறகு பெரும்பாலும் வழக்கமான எண்தான் வரும், வெந்தயம் தின்றாலும் தின்னாவிட்டாலும். அத்தோடு வைத்தியம் தொடங்கிய உற்சாகத்தில் இனிப்பை ஒதுக்குவோம், நாலு தெரு கூடுதலாக நடப்போம். பேர் வெந்தயத்துக்குப் போகும். இந்த இரைச்சலில் 17 மில்லிகிராம் வித்தியாசத்தை வீட்டு மீட்டரில் ஒன்றிரண்டு தடவை குத்திக் கண்டுபிடிக்க முடியாது. சிவப்பணுக்களின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். அவற்றில் ஒட்டிய சர்க்கரையைப் பார்க்கும் ஹெச்பிஏ1சி-தான் கொஞ்சம் நம்பகமான சாட்சி. அதற்கு மூன்று மாதப் பொறுமை வேண்டும். நடுவில் மாத்திரையின் அளவை மாற்றினால் அந்தச் சாட்சியமும் குழம்பிப்போகும்.

லவங்கப்பட்டையைப் பற்றியும் கேட்பார்கள் என்பதால் சுருக்கமாக. 2003-இல் பாகிஸ்தானில் 60 பேருக்கு 40 நாள் தினம் 1, 3, 6 கிராம் என்று பட்டை கொடுத்ததில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 18 முதல் 29 சதவீதம் குறைந்தது. உலகமே பட்டையைப் பொடி பண்ணியது. பிறகு வந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. 2012-இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு, பரிந்துரைக்கப் போதுமான சான்று இல்லை என்று முடித்தது. அதைவிட எனக்குக் கவலை, காசியா வகைப் பட்டையில் இருக்கும் கூமரின். அதிகமானால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் தினம் 2 கிராம் காசியா பட்டை சாப்பிட்டால் கூமரினுக்கான பாதுகாப்பு வரம்பைத் தொட்டுவிடுவார் என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அது ஒரு டீஸ்பூன்கூட வராது. சிலோன் பட்டையில் கூமரின் வெகு சொற்பம். சுருள் பல அடுக்காக, மெல்லிசாக, கையில் நொறுங்கினால் அது சிலோன். ஒரே தடித்த ஓடாகச் சுருண்டிருந்தால் காசியா. பொடியாக வாங்கினால் இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. பட்டைப் பொடியில் ஈயம் இருந்ததாக 2023-இன் கடைசியிலும் 2024-இலும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது தனிக்கதை.

"மாத்திரை கெமிக்கல், இது மூலிகை" என்று பிரித்துப் பேசுகிறவர்களிடம் நான் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஐரோப்பாவில் கலேகா அஃபிசினாலிஸ் என்று ஒரு செடி. ஊதாவும் வெள்ளையுமாகப் பூக்கும். வெந்தயம் சேர்ந்த அதே அவரைக் குடும்பம். நூற்றாண்டுகளாக மூலிகையாகப் புழங்கியது. அதில் இருக்கும் கலேஜின் என்ற பொருள் ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும். அந்தச் செடியை மேய்ந்த ஆடுகள் சாகவும் செய்யும். அந்த வகை ரசாயனங்களைத் துரத்திப்போன வேதியியலாளர்கள் 1922-இல் மெட்ஃபார்மினை உருவாக்கினார்கள். 1957-இல் பிரான்சில் ழான் ஸ்டெர்ன் அதை நோயாளிகளுக்குக் கொடுத்த அனுபவத்தை வெளியிட்டார். அமெரிக்கா அனுமதித்தது 1994-இல்தான். நான் தினம் விழுங்கும் மாத்திரையின் பூர்வீகம் ஒரு மூலிகை. அளவைக் கண்டுபிடித்து, ஆடு சாகிற பகுதியைக் கழித்துவிட்டுத் தர எழுபது வருடம் ஆகியிருக்கிறது.

வெந்தயத்தின் தொல்லைகளுக்கு வருகிறேன். முதலில் வருவது வாயு. வயிறு உப்பும், சிலருக்குப் பேதி. நார்ச்சத்தைத் திடீரென்று கூட்டினால் குடல் சும்மா இருக்காது. நான் அரை ஸ்பூனில் தொடங்கி வாரக்கணக்கில் ஏற்றினேன். அடுத்தது வாசனை. வெந்தயத்தில் உள்ள சோடோலோன் என்ற பொருள் வியர்வையிலும் சிறுநீரிலும் வெளிவரும். காய்ச்சிய வெல்லப்பாகு மாதிரி ஒரு மணம். விஷயம் தெரியாதவர்களுக்குச் சிறுநீரில் சர்க்கரை இறங்குகிறதோ என்று பீதி வரும். ஆபத்தில்லாதது.

ஆபத்துள்ளவை வேறு. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரையோ, இன்சுலினோ எடுப்பவர்கள் அதன் மேல் வெந்தயத்தை ஏற்றினால் சர்க்கரை 70-க்குக் கீழே சரியலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, பிறகு குழப்பம். அந்த நேரத்தில் 15 கிராம் குளுக்கோஸ் உள்ளே போக வேண்டும், கால் மணி நேரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. கர்ப்பிணிகளுக்குச் சமையல் அளவுக்கு மேல் வேண்டாம். கடலை, கொண்டைக்கடலை அலர்ஜி உள்ளவர்களுக்கு வெந்தயமும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், எல்லாம் ஒரே குடும்பம். மாத்திரையையும் வெந்தயத்தையும் ஒன்றாக விழுங்கினால், குளுக்கோஸைத் தாமதிக்கும் அதே பசை மருந்தையும் தாமதிக்கக்கூடும். முக்கியமாக, தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நல்ல இடைவெளி விட வேண்டும். விதையைக் காய்ந்தபடி வாயில் போட்டு ஒரு மடக்குத் தண்ணீரோடு விழுங்குவதும் வேண்டாம். தொண்டையிலேயே உப்ப ஆரம்பித்தால் கஷ்டம்.

டப்பாவில் அடைத்து "அபூர்வ மூலிகைக் கலவை" என்று வரும் பொடிகளைப் பற்றி ஒரே ஒரு சம்பவம். கலிஃபோர்னியா சுகாதாரத் துறை 2000-இல் சில மூலிகைச் சர்க்கரை மருந்துகளைச் சோதித்ததில் உள்ளே கிளிபென்கிளமைடும் ஃபென்ஃபார்மினும் இருந்தன. லேபிளில் மூலிகை மட்டும். ஃபென்ஃபார்மின், ரத்தத்தில் அமிலத்தை ஏற்றி உயிரை எடுத்ததால் எழுபதுகளிலேயே அமெரிக்கச் சந்தையை விட்டு விலக்கப்பட்ட மருந்து. மூலிகைப் பொடி தின்று ஒரே வாரத்தில் சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்கு மகிழ்ச்சி வருவதில்லை, அந்தப் பொடியை ஆய்வகத்துக்கு அனுப்பத் தோன்றுகிறது.

மாத்திரையை நிறுத்திவிட்டு வெந்தயத்துக்கு மாறுவது பற்றிச் சித்தியோடு எனக்குப் பெரிய வாக்குவாதமே நடந்தது. "உடம்புக்கு நல்லாத்தான்டா இருக்கு" என்பது அவர் கட்சி. 200, 220 என்று ஓடும் சர்க்கரை பல பேருக்கு நல்லாத்தான் இருக்கும், அதுதான் அதன் வஞ்சகம். விழித்திரையிலும் சிறுநீரகத்திலும் அது செய்கிற வேலைக்கு வலி கிடையாது. கடைசியில் "நிறுத்த வேண்டாம், மேல சேத்துக்கோங்க, டாக்டர் குறைக்கச் சொன்னா குறைச்சுக்கலாம்" என்ற இடத்தில் சமாதானம் ஆனது. டைப் 1 உள்ளவர்களுக்கு இந்தச் சமாதானப் பேச்சுக்கே இடமில்லை. இன்சுலினை நிறுத்தினால் நாள் கணக்கில் உயிர் போகும். அங்கே எந்த மசாலாவும் இன்சுலினுக்கு ஈடாகாது.

இப்போது நான் எடுப்பது வேளைக்கு 5 கிராம், இரண்டு வேளை, பெரிய சாப்பாடுகளுக்குச் சற்று முன். கரகரப்பாகப் பொடித்து, ஒரு டம்ளர் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவிட்டு, கெட்டியாவதற்குள் குடித்துவிடுகிறேன். தாமதித்தால் ஸ்பூனால் வழிக்க வேண்டியிருக்கும். கசப்பு பழகிவிட்டது என்று சொல்ல ஆசைதான், பழகவில்லை. மெட்ஃபார்மின் அளவை இந்த மூன்று மாதமும் மாற்றுவதில்லை என்று டாக்டரோடு பேசி வைத்திருக்கிறேன். அடுத்த ஹெச்பிஏ1சி-யில் அரை சதவீதமாவது இறங்கினால் தொடர்வேன், இல்லாவிட்டால் தராசைக் கழுவி உள்ளே வைத்துவிட்டு, வெந்தயத்தைத் தாளிக்க மட்டும் எடுப்பேன்.